மீன்கடை ஐஸ்

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் நான் நீர்மோர் கொடுப்பேன். பாதையின் எதிர்ப்புறம் என் பக்கத்து வீட்டுச் செல்வியும் கொடுப்பாள். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கலக்கும் அவளிடம்தான் எப்போதும் கூட்டம். எனக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சித்திரை வெயிலில் மீன்கடையில் ஐஸ்கட்டி வாங்கி உடைத்து என் அண்டாவில் போட்டேன். கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. செல்வியின் மோர் மிஞ்சியதைப் பார்த்துப் பூரித்துப்போய் நானும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

மறுநாள் வாந்தி, பேதி. எழுந்து நிற்க முடியவில்லை. செல்விதான் உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள்.

"ஐஸ் எங்கக்கா வாங்குனீங்க?"

சொன்னேன்.

"ஐயோ, அது மீனுக்குப் போடுறது, அக்கா. காய்ச்சாத தண்ணில செய்றாங்க" என்றாள். அடுத்த ஸ்பூனை என் வாயருகே நீட்டினாள்.

எனக்குச் செல்வி இருந்தாள். என் மோரைக் குடித்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு யார் இருந்தார்களோ?

இன்றும் அவள்மேல் எனக்குப் பொறாமைதான். மலையைப் பார்த்து அவளால் கும்பிட முடிகிறது.