காய்ச்சல் வரும் என்று சொன்னேன்

முத்துப்பேட்டைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டாக்டராக இருந்த வருடங்கள், இப்போது நினைத்தால் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலத்தான் தெரிகின்றன. எங்கு பார்த்தாலும் தண்ணீர், தண்ணீருக்குள் வானம், அதில் குனிந்து நாற்று நட்ட பெண்கள். அவர்களுடைய தெருமுனையில் கறுப்பு சிவப்புக் கொடிக்கம்பமும் செங்கொடிக் கம்பமும் எதிரெதிரே நிற்கும். கூலிக்காக மிராசுதார்களோடு மல்லுக்கட்டிப் பழகிய தெரு அது. வேண்டாம் என்றால் எல்லோரும் சேர்ந்துதான் வேண்டாம் என்பார்கள்.

அந்த வருடம் அவர்கள் வேண்டாம் என்றது என் முத்தடுப்பு ஊசியை. பக்கத்து ஊரில் கக்குவான் இருமல் வந்து ஒரு கைக்குழந்தை மூச்சு முட்டிச் செத்திருந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு, நடவாட்களுக்குத் தலைவியாக இருந்தவரைத் தேடிப் போனேன். அவர் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இதற்கு அந்த இருமல் வந்தால்? விரலை விடுவித்துக்கொள்ளாமலே நின்றேன்.

“ஏன் வேணாங்கறீங்க? என்ன ஆச்சு, சொல்லுங்க” என்று மட்டும் கேட்டேன்.

“மூத்தவனுக்குப் போட்டாங்க. ஒண்ணும் செய்யாதுன்னு நர்சம்மா சொன்னாங்க. நான் நாத்துப் பறிக்கப் போயிட்டேன். மத்தியானம் அனலாக் கொதிச்சு, கையும் காலும் வெட்டி இழுத்திருக்கு. பக்கத்துல ஒரு ஆள் இல்லை. ஏதோ பொழச்சான். அதுலேருந்து, ஒண்ணும் செய்யாதுன்னு யாரு சொன்னாலும் நான் நம்பறதில்லைங்க.”

அதே ‘ஒண்ணும் செய்யாது’தான் என் நாக்கிலும் தயாராக இருந்தது.

“காய்ச்சல் வரும்” என்றேன். கூட வந்த நர்ஸ் என் முழங்கையைக் கிள்ளினார். “நெறைய பிள்ளைங்களுக்கு வரும். ஒரு நாள், ரெண்டு நாள் இருக்கும், மருந்து தரேன். வலிப்பு எப்பவாவது ஒரு பிள்ளைக்கு வரலாம், அதுவும் தானா நின்னுடும். கக்குவான் அப்படி இல்லைங்க.”

அவர் வயலைக் காட்டினார். “காய்ச்சல் அன்னைக்கு நாங்க நடவுல நிப்போம். பிள்ளைங்கள யாரு பாக்கறது?”

“நான் பாக்கறேன்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

“நாங்க கரையேற வரைக்கும் இருக்கணும். நடுவுல ஜீப்பு ஏறிடக் கூடாது” என்றார், கூலிப் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவரைப் போல. ஒப்புக்கொண்டேன்.

ஊசி போட்ட மறுநாள், வாய்க்கால் கரைப் பூவரசுகளில் புடவைத் தூளிகள் தொங்கின. ஒன்றை ஆட்டினால் இன்னொன்று அழும். மருந்து புகட்டுவதும் ஈரத்துணியால் துடைப்பதுமாகப் பொழுது போனது. நடவுப் பாட்டு காற்றில் வந்து வந்து போயிற்று. உச்சி வெயிலில், தூளிகளோடு சேர்ந்து வயலும் கொக்குகளும் ஆடுவதாகத் தோன்றியது. என்னையும் யாரோ படுக்கவைத்து ஆட்டுவது போல ஒரு மயக்கம்.

தலைவியின் குழந்தைக்கு மட்டும் சூடு இறங்கவே இல்லை. படித்த படிப்பெல்லாம் துணைக்கு இருந்தும் நான் பயந்துபோனேன். இழுத்துவிட்டால் இந்தத் தெரு இனி என்னை நம்புமா? குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் விரல்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். யாரும் இல்லாத வீட்டில் வெட்டி இழுத்துக் கிடந்த அந்தப் பையன் அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தான்.

பொழுது சாயும்போது அவர் சேற்றுக்காலோடு கரையேறி வந்தார். வாய்க்காலில் கையைக் கழுவிவிட்டுக் குழந்தையின் நெற்றியைத் தொட்டார்.

“இன்னும் கொஞ்சம் சுடுதுங்க” என்றேன்.

“நீங்கதான் வரும்னு சொன்னீங்களே.”

குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தவர், நின்று திரும்பினார். “அடுத்த ஊசி களையெடுப்புக்கு முன்னாடியா, பின்னாடியாங்க? சொன்னீங்கன்னா எல்லாரையும் கூட்டியாறேன்.”

முன்னாடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.