தையில் உதிர்ந்த உண்ணி

உப்பிய உண்ணியைக் கல்லில் வைத்து நசுக்கினால் வரும் இரத்த வாடை, சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணை விட்டு இரண்டு நாள் போகாது. அந்தக் கையோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன், சோறும் தின்றேன். ஆடியில் நாலு தூறல் விழுந்து புழுக்கம் கூடிவிட்டால் போதும், எங்கள் பசுவின் காதுமடலிலும் மடிக்கடியிலும் ஆமணக்குக் கொட்டை போல உண்ணி அப்பிக்கொள்ளும். கார்த்திகை வரைக்கும் பிடுங்கப் பிடுங்கத் தீராது.

சுரங்கத்தில் 'பர்மனெண்ட்' வேலையிலிருந்த அப்பாவுக்கு எண்ணெய் மேல் அபார நம்பிக்கை. ஒரு கார்த்திகைக் கடைசியில் எந்திரத்திலிருந்து வடித்த கருத்த 'வேஸ்ட் ஆயில்' ஒரு பாட்டில் கொண்டுவந்து, அம்மா தடுக்கத் தடுக்க, "அவ்ளோ பெரிய மெஷினுக்கே ஆவுது, மாட்டுக்கு ஆவாதா?" என்று பசுவின் காதோரம் லேசாகத் தடவினார். தை பிறந்தபோது ஓர் உண்ணி இல்லை. மாட்டுப் பொங்கலன்று தெருவிலுள்ளவர்களுக்கெல்லாம் அந்தக் காதை விரித்து விரித்துக் காட்டினார். தலைகால் புரியவில்லை அவருக்கு.

அடுத்த ஆடியில் பக்கத்து 'வூட்டு' அஞ்சலை அக்கா வந்து நின்றாள். கணவருக்குக் 'காண்ட்ராக்ட்' வேலை. வேலை இல்லாத நாட்களில் அவர்களுடைய ஒற்றை மாட்டின் பால்தான் அடுப்பை எரிய வைத்தது. மாடு கன்று போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உண்ணி குடித்துக் குடித்துப் பால் சுண்டிக்கொண்டிருந்தது. அப்பா பாட்டிலை என்னிடம் கொடுத்து, இந்த வருசம் உண்ணி ஜாஸ்தி, தாராளமாகத் தடவு என்று அனுப்பினார். காது, கழுத்து, மடி என்று என் கையால்தான் தடவினேன். கன்று தாயை நக்கும், மடியை முட்டி முட்டிக் குடிக்கும் என்பது ஏன்தான் யாருக்குமே தோன்றவில்லையோ! அன்று சாயங்காலமே கன்று கழியத் தொடங்கியது, மூன்றாம் நாள் செத்துப்போனது. கன்றைக் காணாத மாடு யாரையும் மடியைத் தொடவிடவில்லை.

அஞ்சலை அக்கா ஏசியிருந்தால்கூடத் தேவலாம். "நீங்க நல்லதுக்குத்தான் குடுத்தீங்கண்ணா. உங்க மாட்டுக்குக் கேட்டுச்சு, எங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது வடக்குத்து என்ற ஊரில் இருக்கிறோம். போன வாரம் இங்கே நடந்த கால்நடை முகாமில் டாக்டர், பனிக்காலம் வந்தால் மருந்தே போடாவிட்டாலும் உண்ணி தானாகக் குறைந்துவிடும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்மா. கன்னுக்குட்டி செத்த வருசம் நம்ம மாட்டுக்கு நான் ஒண்ணுமே தடவல. தை மாசம் அதுவா உதிர்ந்து போச்சு. அஞ்சலகிட்ட சொல்லிடணும்னு ரெண்டு வாட்டி போனேன். உக்காருங்கண்ணான்னு தண்ணி குடுத்துச்சு. குடிச்சிட்டு, கொஞ்ச நேரம் நின்னுகினு இருந்துட்டு வந்துட்டேன்."

அந்தத் தெரு இருந்த இடம் இப்போது சுரங்கம். எங்கள் வீடும் அவர்கள் கொட்டகையும் மாடு மேய்ந்த புறம்போக்கும் போய்விட்டன. அஞ்சலை அக்கா குடும்பம் எந்த ஊருக்குப் போனது என்று விசாரித்த இடத்திலெல்லாம் கையைத்தான் விரிக்கிறார்கள். தன் ராசிதான் சரியில்லை என்று நம்பிக்கொண்டே அவள் எங்கேயோ இருப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.