கட் சொல்ல ஒருவர்தான்

நம்புகிறவர்கள் நம்புங்கள். இது நடந்தபோது படப்பிடிப்புத் தளத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். இன்றைக்குக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

இயக்குநர் எடுத்த மூன்று படங்களும் மண்ணைக் கவ்வின. பிழைப்புக்குத் தொலைக்காட்சித் தொடர் பக்கம் வந்தார். மறுபடியும் ஒரு படம் வேண்டும். அதற்காக யார் வயிற்றில் வேண்டுமானாலும் அடிப்பார். அவர் தளத்தில் ஒரே சட்டம். அவரைத் தவிர யாரும் ‘கட்’ சொல்லக் கூடாது. வாய்தவறிச் சொன்ன உதவி இயக்குநருக்கு அன்றோடு வேலை போனது.

தொடரில் ஒரு சாவுக் காட்சி. பிணமாக நடிக்கத் துணை நடிகை ஒருத்தி வந்தாள். சவப்பெட்டியில் படுக்கவைத்து மூடினார்கள். முகம் தெரிய, மூடியில் ஒரு கண்ணாடி.

“சார்... மூச்சு முட்டுது சார்.”

“பிணம் பேசக் கூடாது” என்றார் இயக்குநர். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். கேமரா ஓடியது. திரும்பி வந்து அவர் கட் சொன்னபோது அவள் எழவில்லை.

மாரடைப்பு என்று விஷயத்தை அமுக்கினார்கள். அந்தக் காட்சியை மட்டும் அவர் தொடரிலிருந்து தூக்கவில்லை. “என்னமா நடிச்சிருக்கா!” என்று விஷயம் தெரியாத ஜனங்கள் உருகினார்கள். பாவி மனுஷனுக்குப் படமும் கிடைத்தது.

முதல் நாளே சவப்பெட்டிக் காட்சி. அதே பெட்டி. கதாநாயகனுக்குப் பிணமாகப் படுக்க வரவில்லை.

“தள்ளுப்பா. நான் படுத்துக் காட்டறேன். கேமரா ஓடட்டும்.”

படுத்தார். மூடினார்கள்.

உள்ளே சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல.

பவுடர் வாசனை வேறு...

போதும், கட் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

வாய் திறக்கவில்லை.

கை... அசையவில்லை.

பாதி திறந்த கண்ணுக்குக் கண்ணாடி தெரிந்தது. வெளியே எல்லாரும் அவரை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

டக்... டக்...

பெட்டிக்கு உள்ளே. அவர் தலைக்குப் பக்கத்தில்.

“பிணம் பேசக் கூடாது சார்.”

சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. ஒருவரும் கட் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேலையை இழக்க யாருக்குப் பைத்தியம்? “மனுஷன் பின்றாருய்யா!” என்று கதாநாயகன் கைதட்டினான்.

மாலையில் மின்சாரம் போய், கேமரா நின்ற பிறகுதான் மூடியைத் திறந்தார்கள்.

மருத்துவர் சொன்னது மறுநாள் தெரிந்தது. மின்சாரம் போவதற்குச் சற்று முன்புவரை அவருக்கு உயிர் இருந்திருக்கிறது.

அதுவரை நாற்பது பேரும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.