அம்மா பாடவில்லை என்று எழுதியவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இதழின் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தபோது மல்லிகாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அவருடைய மகள் அருள்மொழி. "அம்மா போயிட்டாங்க சார். விடியக்காலையில நெஞ்சு வலின்னாங்க. தஞ்சாவூர் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார்.

திருவாரூரிலிருந்து வரும் இந்தச் சிற்றிதழின் வாசகர்களுக்குக் கவிஞர் மல்லிகாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவரும் நானும் நான்கு ஆண்டுகள் பேசாமல் இருந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. தவறு என்னுடையது.

மல்லிகா கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவர். கூலிக்கு நடவு நட்டு அவரைப் படிக்க வைத்தவர் அவருடைய அம்மா. அந்த அம்மாவைப் பற்றி ஒரு கவிதை அனுப்பியிருந்தார். வயலில் பெண்கள் எல்லோரும் பாடிக்கொண்டே நாற்று நடுகிறார்கள். பிறகு இந்த நான்கு வரிகள்:

என் அம்மா பாடவில்லை.
அவளுக்குப் பாட்டு பிடிக்காது.
குனிந்தபடி அவள் என்ன நினைத்தாள் என்று
யாரும் கேட்டதில்லை, நானும்.

எனக்கு அது உறுத்தியது. நடவுப் பாட்டு உழைக்கும் மக்களின் ஒன்றுபட்ட குரல் என்று மேடைதோறும் பேசிவந்தவன் நான். ஒரு பெண் பாடாமல் நின்றதை எழுதினால் அந்தக் குரலில் விரிசல் விழுமென்று நினைத்தேன். அவரிடம் கேட்காமலேயே 'எங்கள் அம்மாக்கள் பாடினார்கள்' என்று மாற்றி, மற்ற மூன்று வரிகளை எடுத்துவிட்டு அச்சிட்டேன்.

வெளியீட்டு விழாவில் அவரை வாசிக்க அழைத்தோம். இதழைப் பிரித்துப் பார்த்தார். மூடி வைத்துவிட்டு, தான் எழுதியதை மனப்பாடமாகச் சொன்னார். முன்வரிசையில் இருந்த அவர் ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் எழுந்தார்.

"நம்ம பொம்பளைங்க பாடி வளர்த்த பாட்டும்மா அது. பிடிக்காதுன்னு எழுதுனா கேக்குறவன் என்ன நெனப்பான்?"

"எங்கம்மாவுக்குப் பிடிக்காதுண்ணே. மத்தவங்க பாடுனாங்கன்னும் எழுதியிருக்கேன்."

"புத்தகத்துல வேற மாதிரில்ல இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

மல்லிகா என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்தான் மேடை ஏறியதும் வீம்புக்கு மாற்றிச் சொல்லிவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மாற்றியதைவிட, அந்த நிமிடம் வாய் திறக்காமல் இருந்ததுதான் பெரிய தவறு.

அதன்பின் கவியரங்குகளுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் தெருவிலேயே சிலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். எனக்குக் கவிதை அனுப்புவதை அவர் நிறுத்திவிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, தண்ணீர் திறந்துவிடச் சொல்லி நடந்த ஊர்வலத்தில் அவரைப் பார்த்தேன். அதே சங்கத் தலைவருக்கு இரண்டடி பின்னால் நடந்துகொண்டிருந்தார். அருகில் போய், "உங்களைத் திட்டினவங்களோடவே வர்றீங்களே?" என்றேன். பேச்சைத் தொடங்க வேறு வழி தெரியவில்லை.

"ஆத்துல தண்ணி வரலைன்னா எனக்கும்தானே சார் இல்ல. எவ்வளவு தூரம்னாலும் கூட நடப்பேன். ஒரே மாதிரி எழுதச் சொன்னாத்தான் முடியல."

அதில் கோபம் இல்லை.

அடுத்த இதழில் அந்தக் கவிதையை அவர் எழுதியபடியே வெளியிட்டேன். எதிர்ப்பக்கத்தில் நான் செய்ததையும், விழாவில் சொல்லாமல் விட்டதையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இதழ் கிடைத்த அன்றே தொலைபேசியில் அழைத்தார். "மன்னிப்புக்கு முழுப் பக்கமா சார்? பாதி போதாதா? மிச்சத்துல யாரோட கவிதையாவது போட்டிருக்கலாம்." அடுத்த வாரம் மூன்று கவிதைகள் தபாலில் வந்தன.

அடக்கத்துக்குச் சங்கத் தலைவரும் வந்திருந்தார். "கடைசி வரைக்கும் நான் சொன்னதுக்கு ஒத்துக்கவே இல்ல சார்" என்றார். குறையாகச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா, எனக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

இந்த இதழுக்கு வேதாரண்யத்திலிருந்து உப்பளத் தொழிலாளி ஒருவர் கவிதை அனுப்பியிருக்கிறார். உப்பளம் என்றாலே வெடித்த பாதங்களையும் கண்ணெரிச்சலையும்தான் எல்லோரும் எழுதுகிறோம். இவர், காலை வெயிலில் பாத்தி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தால் தனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்கிறார். பழக்கத்தில் என் பேனா அந்த வரியின்மேல் போய்விட்டது. மூடி வைத்துவிட்டு அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"நெசமாவே சந்தோஷமா இருக்குமா?"

"ஆமா சார். ஏன், இருக்கக் கூடாதா?"

மல்லிகாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, மாற்றும் முன் எழுதியவரையே கேட்கும் இந்தத் தொலைபேசி அழைப்புதான். உப்பளக் கவிதை அச்சுக்குப் போய்விட்டது, அவர் எழுதியபடியே.