நீல கேட் வீட்டுக்கு நெத்திலி மட்டும்

சென்னையில் வேலை போய் ஊர் திரும்பிய நான்காம் மாதம், நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைப் பிழை பார்த்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். நூலகத்தின் பின்னறை, ஒரு கணினி, இரண்டு நாற்காலிகள். படித்தது கணினிப் பொறியியல். வருத்தமா என்று வீட்டில் கேட்டார்கள். வருத்தமும் இல்லை, மற்றதும் இல்லை. ஒன்பது மணிப் பேருந்தில் போனால் ஐந்தரைக்குத் திரும்பிவிடலாம்.

விதிகளை முதல் நாளே தாளில் எழுதி ஒட்டினேன். எழுத்துப்பிழையைத் திருத்தலாம். புரியாத வாக்கியத்துக்கு ஓரத்தில் குறிப்பு எழுதலாம். மாணவருக்குப் பதிலாக நாம் எழுதக் கூடாது. மூன்றாவதைச் சிவப்பு மையில் எழுதினேன்.

சமூகப்பணி இறுதியாண்டு மாணவி ஒருத்தி, கடற்கரை ஊர்க்காரி, ஆய்வுக் கட்டுரையோடு வந்தாள். தெருத் தெருவாக மீன் விற்கும் பெண்களைப் பற்றியது. அவள் அம்மாவும் அப்படி விற்பவர்தான். பூதப்பாண்டிப் பக்கம் சில தெருக்கள் அவருக்கு. ஒருத்தியின் தெருவில் இன்னொருத்தி விற்பதில்லை. அம்மா அறுவை சிகிச்சைக்குப் படுத்தபோது தெருக்களைத் தோழியிடம் ஒப்படைத்தார். என்னென்ன சொல்லி ஒப்படைத்தார் என்பதை மகள் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். நீல கேட் வீட்டுக்கு நெத்திலி மட்டும். வாத்தியார் வீட்டில் வெள்ளிக்கிழமை கூப்பிடாதே. நாய் உள்ள வீட்டில் வெளியே நின்றே குரல் கொடு. கடைசி வீட்டுக்காரருக்குக் கண் தெரியாது, மீனை வெட்டிக் கழுவிக் கொடு. இப்படி வீடு வீடாக.

அன்று வரிசையில் இன்னும் ஆறு கட்டுரைகள் இருந்தன. அந்த இரண்டு பக்கத்தையும் வெட்டினேன். வணிக உறவுகள் நம்பிக்கையின் பேரில் கைமாறுகின்றன என்ற பொருளில் நானே நான்கு வரி எழுதினேன். நல்ல ஆங்கிலம். அவள் படித்துப் பார்த்து, "கொள்ளாம்க்கா, நல்லாருக்கு" என்றாள். துறையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்துக் கதவருகே வந்து நின்றாள்.

"எக்கா, கம்ப்யூட்டருகிட்ட எழுதி வாங்கினியான்னு சாரு கேக்காரு. நாளைக்கு கமிட்டியாம். நான்தான் எழுதினேன்னு காட்டலன்னா இந்த வருசம் பாஸ் கெடையாதாம்."

"எந்த எடத்தச் சொல்றாரு?"

"நீங்க எழுதின நாலு வரிய." கோபமாகச் சொல்லவில்லை. "அம்மைக்கு இதொண்ணும் தெரியாது. பட்டம் வாங்கப் போகும்ப உடுக்கதுக்கு சேலை எடுத்து வச்சிருக்கு."

எந்தக் கட்டுரை வந்தாலும் வந்தபடியே ஒரு பிரதியைத் தேதியிட்டுச் சேமிப்பது என் பழக்கம். அவளுடைய முதல் கோப்பும் இருந்தது. அதைக் காட்டினால் அவள் தப்புவாள். நான்கு வரி யாருடையது என்பதும் தெரிந்துவிடும். பெரிதாக யோசித்தேன் என்று சொல்ல முடியாது. அந்தக் கோப்பையும் நான் திருத்தியதையும் அச்சிட்டு, வெட்டிய இடத்தில் மஞ்சள் தாள் ஒட்டி, உறையில் போட்டேன். பிறகு மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

கமிட்டியில் மூன்று பேர். அவளோடு நானும் போய் உறையைக் கொடுத்தேன். துறைத் தலைவர் பழைய பக்கங்களை நிதானமாக வாசித்தார். அவளிடம் கேட்டார்.

"செரி மக்கா, நாய் உள்ள வீட்டுக்கு அடுத்த வீடு எது?"

"ரெண்டு மாடி வீடு சார். அவியளுக்கு சாளை மீனு ஆவாது. ஒருக்கா குடுத்துட்டு அம்மை நல்லா ஏச்சு வாங்கிச்சு."

"அதுக்கு அடுத்தது?"

அவள் சொல்லிக்கொண்டே போனாள். எட்டாவது வீட்டில் அவர் பேனாவை மூடினார். என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இத எதுக்கும்மா வெட்டினிய?"

"வேண்டாத விவரம்னு நெனச்சேன் சார்."

"ஒங்க தெருவுக்கு மீனு கொண்டு வாறது ஆரு?"

எனக்குத் தெரியவில்லை. தினமும் காலையில் வாசலில் ஒரு குரல் கேட்கும். முகத்தைப் பார்த்ததில்லை. அப்படியே சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு வாரத்துக்குள் திரும்பக் கொடுக்கும்படி அவளிடம் சொன்னார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்தேன்.

மறுநாள் அவள் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி இருங்கக்கா" என்று என் நாற்காலியைப் பிடித்து நகர்த்தினாள். மவுஸை அவளே எடுத்துக்கொண்டாள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். பிழை இருந்த இடத்தைச் சொன்னேன், அவள் திருத்தினாள். முடிக்க மதியம் ஆனது.

"வேற வல்லதும் விட்டுப் போச்சாக்கா?"

"அந்த ரெண்டு மாடி வீடு" என்றேன். "சாளை ஆகாதுன்னியே. அது இதுல இல்ல."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாய் உள்ள வீட்டுக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.