நட்சத்திரக் குறிக்குக் கீழே ஒரு வரி

எங்கள் இதழில் தேர்வாகும்வரை எந்தக் கட்டுரைக்கும் பெயர் கிடையாது. பெயருள்ள முதல் தாளை ஒருவர் எடுத்து வைத்துக்கொள்வார். மற்றவர்கள் யார் எழுதியதென்று தெரியாமலே படிப்போம். செங்கல்பட்டில் சட்டம் படித்த ஏழெட்டுப் பேர், அரசியல் சாசனத்துக்கென்றே தமிழில் நடத்திய இதழ். தொண்ணூறுகள் முடிந்திருந்த நேரம். ஊரை மாற்றிவிடலாம் என்று எங்களுக்குத் திமிர்.

மழைக்கால இதழுக்கு ஒரு கட்டுரை வந்தது. கடற்கரை ஊர் ஒன்றில் நோட்டீஸ் கொடுக்காமல் பேரூராட்சி கடைகளைப் பிடுங்கிப் போட்டதை எடுத்து, பிழைப்பும் உயிர்வாழும் உரிமைதானே என்று கேட்டது. படிக்கப் படிக்க உதட்டில் உப்புக் கரித்தது. "போடலாம்" என்றோம், ஒரே குரலில்.

முதல் தாள் வெளியே வந்தது. என் பக்கத்து இருக்கைக்காரனின் பெயர். பிடுங்கிய கடைகளில் ஒன்று அவன் அத்தாவுடையது, வழக்கு நடந்துகொண்டிருந்தது. சொந்த வழக்கென்றால் தலைப்பில் நட்சத்திரம் போட்டு, பக்கத்தின் அடியில் அதைச் சொல்லியாக வேண்டும். அவனும் சேர்ந்து போட்ட விதி.

"இன்னா மச்சான், மறைச்சிட்டியே?"

"தெரிஞ்சா, பாவம் கடைக்காரன் புள்ளன்னு படிப்பீங்க. வாதத்தப் பாக்க மாட்டீங்க."

"சரி, இப்ப நட்சத்திரம்?"

"போட்டா அத்தாவுக்குப் பேஜாரு. வேற எடம் தரோம்னு பேசிகினு கீறாங்க. போடலன்னா நான் பொய்யன்."

அத்தாவையே கேட்போம் என்று பஸ் ஏறினோம். மாமல்லபுரம் சாலையில் தள்ளுவண்டியில் பழம் விற்றுக்கொண்டிருந்தார். ஈரக் கையைத் துடைத்துவிட்டு, நின்றபடியே முழுசாகப் படித்தார்.

"நல்லாத்தான் கீது. எடம் குடுத்தா போடாத. குடுக்கலன்னா போடு."

"எப்ப தெரியும் அத்தா?"

"அவனுங்க இன்னா தேதி சொல்லிட்டா பேசறானுங்க?"

அச்சகம் காத்திருக்கவில்லை. அவனே கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அந்தப் பக்கங்களில் அரசியல் சாசன முகவுரையின் அழகைப் பற்றி நான் எழுதினேன். அலை, கரை என்றெல்லாம் வந்திருக்கும். யாருக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

கோடையில் அத்தா வழக்கை வாபஸ் வாங்கினார். இடம் கிடைத்தது. அடுத்த இதழுக்காக அவனிடம் போனேன்.

"இப்பத்தான் வழக்கே இல்லியே. நட்சத்திரமே வேணாம். குடு."

"போட்டா குடுத்த எடத்தைப் புடுங்குவாங்க மச்சான்." கொஞ்சம் யோசித்தான். "இந்தத் தபா நோட்டீஸ் குடுத்துட்டுப் புடுங்குவாங்க. நம்ம கட்டுரையப் படிச்சிருப்பாங்க இல்ல?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.