இமெல்டாவின் செக்பொயின்ற்

கொட்டாஞ்சேனை இமெல்டாவுக்கு வாய் சும்மா இராது. வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஒப்பரேஷன் தியேட்டரில் அவள் மூத்த தாதி. நோயாளிக்குப் பிழை நேராமல் ஒப்பரேஷன் செய்வது எப்படி என்று மற்றவர்களுக்குப் படிப்பிக்கும் வேலையை 2008இல் அவள் தலையில் கட்டினார்கள். பாடம் சின்னதுதான். கத்தி வைக்க முன் எல்லோரும் கையை நிறுத்த வேண்டும். நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம் என்று உரத்துச் சொல்ல வேண்டும். பிழை கண்டவர் யாரானாலும் "நிப்பாட்டுங்கோ" என்று கத்த வேண்டும்.

யாருக்குப் பிடிக்கும்? யுத்த காலத்தில், வேலைக்கு வரும் வழியெல்லாம் ஆமியின் சோதனைச் சாவடிகளில் பெயர் என்ன, ஊர் என்ன, கொழும்பில் என்ன வேலை என்று பதில் சொல்லிச் சலித்து வந்தவர்கள் அவர்கள்.

"ரோட்டில ஆமிக்காரன் கேக்கிறது காணாதெண்டு நீரும் கேக்கிறீரோ?" என்று பகிடி விட்டார் ஒப்பரேஷன் செய்யும் டொக்டர் நாகேந்திரம். அன்றோடு அந்தப் பாடத்துக்கு 'இமெல்டாவின் செக்பொயின்ற்' என்று பெயர் விழுந்தது. மனதாரப் படித்தவள் மெற்றில்டா ஒருத்திதான். இமெல்டாவே சொல்லி வேலைக்கு எடுப்பித்த இளம் தாதி. இமெல்டாவின் வீட்டு மேல் அறையில்தான் குடியிருந்தாள். இருவருக்கும் ஒரே சட்டிச் சோறு. லொட்ஜில் தங்கியிருந்த மெற்றில்டாவின் தம்பியும் இடைக்கிடை வந்து சாப்பிட்டுப் போவான்.

ஒருநாள் ஒப்பரேஷனுக்கு வந்த தியாகராசா என்ற கடைக்காரருக்கு வலது பக்கம் ஹேர்ணியா, குடலிறக்கம். மயக்கி, அவசரத்தில் இடது பக்கத்தைத் துடைத்துத் துணி விரித்துவிட்டார்கள்.

"டொக்டர், நிப்பாட்டுங்கோ! வலது பக்கமெல்லோ!" என்று கத்தினாள் இமெல்டா.

"உம்மட செக்பொயின்ற்றை மூடும்," என்று சொல்லிக்கொண்டே நாகேந்திரம் கீறினார். கத்தியை எடுத்துக் கொடுத்த மெற்றில்டா திரும்பி இமெல்டாவைப் பார்த்தாள். கண் விழித்த தியாகராசாவுக்கு இரண்டு பக்கமும் தையல்.

விசாரணை வைத்தார்கள். ஊருக்குப் படிப்பித்தவளே வாய் திறக்கவில்லை என்று கூசாமல் சொன்னார் நாகேந்திரம். வேலையும் பெயரும் போகிற இடத்திலும் இமெல்டா கலங்கவில்லை. மற்றவர்கள் டொக்டருக்குப் பயந்தாலும் மெற்றில்டா இருக்கிறாளே!

"சிஸ்டர் ஏதும் சொன்னவவோ?" என்று மெற்றில்டாவைக் கேட்டார்கள்.

"இல்லை சேர். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

வெளியே வந்ததும் இமெல்டா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கு நான் என்னடி குறை வைச்சனான்?"

"தம்பியை ஆமிக்காரங்கள் லொட்ஜில வைச்சுப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் அக்கா. பெரிய இடத்தில கதைச்சு வெளியில எடுத்துத் தாறன் எண்டு டொக்டர் சொன்னவர். நான் என்ன செய்ய?"

முதலில் என்னிடம் வந்து அழுதிருந்தால் நானே வாயை மூடிக்கொண்டிருப்பேனே என்று இமெல்டா நினைத்தாள். பொய்யை விட அதுதான் சுட்டது. இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் பாடம் ஒரு கேடா? இமெல்டாவை வேலையை விட்டு நிற்பாட்டினார்கள்.

அந்த மாதக் கடைசியில் மெற்றில்டா மேல் அறையிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"தம்பி வந்திட்டானோ?"

"இல்லையக்கா. டொக்டர் ஒருத்தரோடயும் கதைக்கேல்லையாம். இப்ப என்னைக் கண்டா மற்றப் பக்கத்தால போறார்."

நன்றாக வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தாள் இமெல்டா. அடுத்த கணமே அந்தப் பொடியனின் முகம் நினைவுக்கு வந்தது. அவளை உள்ளே வரச் சொல்லவும் வாய் வரவில்லை, கதவைச் சாத்தவும் கை வரவில்லை.